ரசிகனும் நாணயம் பார்ப்பவனும்: நாகூர் ஹனீபாவின் குரலை மீண்டும் கேட்டல்

அரபு மொழியில் இலக்கியத் திறனாய்வுக்கு ‘நக்த்’ என்று பெயர். இச்சொல்லின் பழம்பொருள் கடைத்தெருவைச் சார்ந்தது. திர்ஹம் நாணயங்களைக் கையிலெடுத்து, நல்ல வெள்ளி எது, கலப்பு எது என்று பிரித்தறியும் செயலையே அரபிகள் ‘நக்த்’ என்றனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஅஃபர் (இறப்பு ஹி. 337) கவிதையின் நன்மை தீமைகளைப் பகுத்துக் காட்டத் தாம் எழுதிய நூலுக்கு ‘நக்துஷ் ஷிஃர்’ என்று பெயரிட்டபோது, கடைத்தெருவின் சொல் இலக்கியத்தின் சொல்லாக நிலைபெற்றது. முதுகலை வகுப்பில் இந்நூலைப் படித்த நாளில் என் நினைவுக்கு வந்தது பாக்தாது அன்று, சேலம் ஃபேர்லேண்ட்ஸ். அங்கே என் தாய்மாமன் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு டேப் ரெக்கார்டர்.

மாமு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். வெள்ளியின் தரத்தை அவ்வட்டாரத்தார் ‘டச்’ என்பர். எந்தக் கட்டி என்ன டச் என்பதுதான் பட்டறையில் நாளெல்லாம் நடக்கும் பேச்சு. மாலையில் வீடு திரும்பியதும் மஃரிபு தொழுதுவிட்டு, மாமு நாகூர் ஹனீபாவின் ஒலிநாடாவைப் போடுவார். சேர்வராயன் மலை இருட்டில் மறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் குரல் ஃபேர்லேண்ட்ஸின் அகன்ற தெருவில் நாலைந்து வீடு வரை கேட்கும். 1985இல் எனக்குப் பதினாறு வயது. மதரஸா விடுமுறைகளை அவ்வீட்டில்தான் கழித்தேன். நான் ரசிகனானது அங்கேதான்.

அவ்வீட்டில் வேறொரு ரசிகரும் இருந்தார். மாமுவின் மூத்த மகன் பொறியியல் கல்லூரி மாணவர். ‘குவீன்’ என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின்மீது பித்துக் கொண்டவர். டேப் ரெக்கார்டரோ ஒன்றுதான். மஃரிபு முதல் இஷா வரை ஹனீபா, இஷாவுக்குப் பிறகு குவீன் என்று வீட்டில் ஓர் உடன்படிக்கை இருந்தது. ஒருநாள் இரவு அண்ணன் என்னை அழைத்து, “நீ ஓதுற பிள்ளைதானே, இதக் கேளு” என்று 1975இல் வெளிவந்த ‘பொஹீமியன் ராப்சோடி’யை ஒலிக்கவிட்டார். ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைவான அப்பாடலின் நடுவே ‘பிஸ்மில்லாஹ்’ என்ற சொல் வந்தபோது திடுக்கிட்டேன். அதன் முதன்மைப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர், பஞ்ச்கனியில் பள்ளிக் கல்வி பயின்றவர் என்பதையெல்லாம் பின்னாளில் அறிந்தேன். அன்று அறிந்தது ஒன்றே: நான் நாளும் ஓதும் ஒரு சொல், நான் சற்றும் அறியாத ஓர் உலகில் வேறோர் ஓசையில் நடமாடுகிறது. அந்தத் திடுக்கிடலோடு மறுநாள் மாலை ஹனீபாவைக் கேட்டபோது, முதன்முறையாகப் பொருளை விட்டுக் குரலைக் கேட்டேன். குரலைத் தனியே கேட்கத் தொடங்கும் நாளில்தான் ஒருவன் ரசிகனாகிறான் எனலாம்.

அக்குரல் எத்தகையது? 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் மறைந்த இ. எம். ஹனீபா, நாகூரின் பைத்து சபைகளில் பாடி வளர்ந்தவர். மவ்லிது மஜ்லிஸில் பைத்து ஓதப்படும் முறையை நாம் அறிவோம். ஒருவர் அடியை எடுத்துக் கொடுப்பார். சபை ஒன்றாகத் திருப்பிச் சொல்லும். முன்னின்று ஓதுபவர் நுணுக்கமான சங்கதிகளைப் போட்டால் சபையால் பின்தொடர இயலாது. அடி நேராகவும் சொல் தெளிவாகவும் தாளம் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். ஹனீபாவின் பாட்டுமுறை முழுவதற்கும் இதுவே அடித்தளம் என்பது என் கருத்து. அவருடைய பாடல்களில் பல்லவி எப்போதும் ஒரு கூட்டம் ஏற்றுக்கொள்ளத்தக்க வடிவிலேயே நிற்கும். இந்தித் திரையிசை மெட்டுகளில் அமைந்த பாடல்களையும் அவர் பாடியதுண்டு. அவற்றின் குழைவு அவர் தொண்டையில் புகுந்ததும் நிமிர்ந்துவிடும். உச்சத் தானத்தில் எடுத்து, அங்கேயே நின்று, சொல்லை நடுக்கமின்றி எறியும் குரல் அது.

குவீன் குழுவின் ஆற்றலும் ஒருவகையில் இத்தகையதே. 1985 ஜூலை 13ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், மெர்க்குரி ஓர் ஓசையை எடுத்துக் கொடுக்க, அரங்கமே அதைத் திருப்பித் தந்த காட்சியைப் பின்னர் ஒளிப்பதிவில் கண்டேன். பைத்து சபை நினைவுக்கு வந்தது. கூட்டத்தை ஒரே மூச்சாக்கும் குரல்கள் இரண்டும். வேறுபாடு, அம்மூச்சை எத்திசையில் செலுத்துகின்றன என்பதில் இருக்கிறது. ஹனீபாவின் குரல் இரு திசைகளில் சென்றது. ஒன்று மீலாது மேடை, மற்றொன்று தி.மு.க. மேடை. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்த அவர், ஒரே தொண்டையால் கட்சியையும் தீனையும் பாடினார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. தமிழகப் பொதுமேடையில் ஒரு முஸ்லிமின் குரல், தன் பெயரையும் தொப்பியையும் ஒளிக்காமல், இலட்சக்கணக்கானோரின் எழுச்சிக் குரலாக இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி, நான் செய்த ஒரு செயலைச் சொல்லியாக வேண்டும். 1980களின் பிற்பகுதியில் மார்க்கச் சீர்திருத்தப் பேச்சுகள் ஒலிநாடாக்களாக ஊர்தோறும் பரவின. வலிமார்களிடம் தேட்டம் வேண்டிப் பாடும் பாடல்கள் தவ்ஹீதுக்கு முரணானவை என்ற வாதம் என்னை உலுக்கியது. அவ்வாதத்தின் மையக் கருத்தை இன்றும் நான் மறுக்கவில்லை. துஆ அல்லாஹ்விடம் மட்டுமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பத்தொன்பது வயதில் அக்கருத்தைக் கையாண்ட விதம் வேறு. ஒரு விடுமுறையில், மாமு பட்டறைக்குச் சென்றிருந்தபோது, அவருடைய ஹனீபா ஒலிநாடா ஒன்றை எடுத்தேன். விலைக்கு வரும் நாடாக்களில் பதிவு அழியாதிருக்க மேற்புற ஓரத்தில் ஒரு சிறு பட்டையை உடைத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டி, பாடல்களின்மீது ஒரு பயானைப் பதிந்துவிட்டேன்.

மாலையில் மாமு நாடாவைப் போட்டார். பயான் ஒலித்தது. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் பேசுறாரு மாப்ளே” என்றார். பிறகு, “வெள்ளியில செம்பு கலந்திருந்தா உருக்கிப் பிரிப்போம். கட்டியத் தூக்கிச் சாக்கடையில போட மாட்டோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இஷாவுக்குப் புறப்பட்டார். அதன்பின் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பயான் இருபத்தைந்து நிமிடம். நாடாவின் அப்பக்கம் முப்பது நிமிடம். மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் ஹனீபா பாடிக்கொண்டுதான் இருந்தார்.

குதாமாவின் நூலைப் படித்தபோது ஃபேர்லேண்ட்ஸ் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் இதுவே. ரசிகன் எல்லாவற்றையும் நல்ல நாணயமாக எடுத்துக்கொள்கிறான். மறுப்பவன் எல்லாவற்றையும் கள்ள நாணயமாக எறிகிறான். இருவருமே நாணயத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நம் முன்னோர்களோ திருப்பிப் பார்த்தவர்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் இசை கேட்டல் பற்றிய பகுதியில், இனிய ஓசை, அளவு, பொருள், கேட்பவன் உள்ளத்தில் அது எதைக் கிளர்த்துகிறது என்பவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்ட இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) ‘தல்பீஸு இப்லீஸ்’ நூலில் கடுமையான மறுப்பாளராக நிற்கிறார். அவரும் ஒட்டகமோட்டிகளின் பாட்டு வேறு, உணர்ச்சியைக் கிளறும் பாட்டு வேறு என்று வகைப்படுத்தாமல் பேசவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பூஸீரி (ரஹ்) பாடிய ‘புர்தா’வின் சில அடிகளை மறுத்த ஆலிம்கள் உண்டு. அவர்களுள் நுண்ணறிவாளர்கள் எந்த அடி, ஏன் என்று குறித்துக் காட்டினர்.

அவ்வழியில் ஹனீபாவின் பாடல்களைப் பிரித்துப் பார்ப்போம். வலிமார்களிடம் நேரடியாகத் தேட்டம் கேட்கும் பாடல்கள் ஒருவகை. அவற்றை நான் இன்று பாடமாட்டேன். மார்க்கக் காரணம் ஒருபுறமிருக்க, கலைக் காரணமும் உண்டு. இரப்பவனின் குரலில் ஒரு தளர்ச்சி வேண்டும். ஹனீபாவின் குரல் தளரத் தெரியாதது. அவர் இறைஞ்சும்போதும் ஆணையிடுவதுபோலவே ஒலிக்கும். அவர் கலையின் எல்லை இது என்று கருதுகிறேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வையும் தோழர்களின் வரலாற்றையும் சொல்லும் பாடல்கள் இரண்டாம் வகை. இங்கே அக்குரல் தன் இயல்பான இடத்தில் நிற்கிறது. கதை சொல்பவனுக்குத் தளர்ச்சி தேவையில்லை, தெளிவே தேவை. எழுத்தறியாத எத்தனையோ தாய்மார்கள் சீறாவின் நிகழ்ச்சிகளை உமறுப்புலவரின் விருத்தங்களில் அறிந்ததைவிட இப்பாடல்களில் அறிந்ததே மிகுதி என்பதை நம் வீடுகளை அறிந்தோர் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவதாக, எல்லோரும் அறிந்த ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. ஆர். அப்துல் சலாம் இயற்றிய இப்பாடல் ஏன் மதங்களைக் கடந்து நின்றது என்பதற்கு ‘சமரசம்’ என்ற ஒற்றைச் சொல்லால் விடை சொல்லிவிடுவது வழக்கம். அவ்விடை போதாது. முதலாவதாக, அதன் தலைப்புச் சொற்களின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். ‘கையேந்துங்கள்’ என்பது ஏவல். பாடுபவர் இறைவனிடம் பேசவில்லை, மக்களிடம் பேசுகிறார். எனவே இது துஆ அன்று, துஆவுக்கான அழைப்பு. ஆணையிடும் தன்மை கொண்ட குரலுக்கு ஆணையிடும் வினையே கிடைத்துவிட்டது. வேறு பாடல்களில் குறையாக நின்ற அதே கம்பீரம் இங்கே தகுதியாக மாறுகிறது.

இரண்டாவது, ‘கையேந்துதல்’ என்னும் சொல். தமிழில் அது இரவலனின் செயல். பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதே மானம் என்பது இம்மண்ணின் பேச்சு. மனிதரிடம் இழிவாகிய அச்செயல் இறைவனிடத்தில் உயர்வாகிறது என்னும் திருப்பம் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. மனிதர்கள் அனைவரும் அல்லாஹ்வின்பால் தேவையுடைய ஃபக்கீர்களே என்று ஃபாத்திர் அத்தியாயம் அறிவிக்கும் கருத்துக்கும், ஏந்திய கைகளை வெறுமையாகத் திருப்ப இறைவன் வெட்குகிறான் என்னும் நபிமொழிக்கும் தமிழில் கிடைத்த நெருங்கிய சொல் இதுவே. ஓர் அரபு ஆசிரியனாக மொழிபெயர்ப்பில் நான் பலமுறை தோற்ற இடத்தில் ஒரு பாடலாசிரியர் வென்றிருக்கிறார். வலிமார் பாடல்களைக் குறித்து நான் கேட்ட அதே கேள்வியை இப்பாடலிடம் கேட்டால், அது தவ்ஹீதின் பக்கமே நிற்கிறது. அன்று ஒட்டுத்தாள் ஒட்டி நான் அழித்த நாடாவில் இப்பாடலும் இருந்தது.

இப்பிரச்சினை ஹனீபாவோடு முடிவதன்று. ‘கேட் ஸ்டீவன்ஸ்’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் ஆனார். 1979இல் தம் கிதார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்கு அளித்தார். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் மேற்கத்திய இசைத்துறையிலிருந்து விலகியிருந்து, 2006இல் ‘அன் அதர் கப்’ என்ற தொகுப்புடன் திரும்பினார். அவர் விட்டதையும் மீண்டதையும் இருதரப்பினரும் தத்தம் வெற்றியாகக் காட்டுவர். எனக்கோ, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்தறிய ஒரு மனிதருக்குப் பாதி வாழ்நாள் தேவைப்பட்டது என்பதே அதில் தெரிகிறது. என் வழக்கு அவ்வளவு பெரிதன்று. ஆயினும் வழக்கு ஒன்றே.

இன்று என் மாணவர்கள் கைபேசியில் மாஹிர் ஜைனையும் வேறு பல நஷீதுப் பாடகர்களையும் கேட்கிறார்கள். “இது ஜாயிஸா, ஹஜ்ரத்?” என்று வந்து நிற்பவர்களும் உண்டு. ஃபிக்ஹின் கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் எடுத்துச் சொல்கிறேன். கூடவே, “எந்தப் பாட்டு? அதில் என்ன சொல்லியிருக்கிறது?” என்றும் கேட்கிறேன். பெரும்பாலோர் சொல்லைக் கவனித்திருப்பதில்லை. கேட்டுவிட்டு வரும்படி அனுப்புகிறேன். ஒட்டகமோட்டி அன்ஜஷாவின் பாட்டைக் கேட்ட நபிகளார் (ஸல்) அவரைப் பாட வேண்டாமென்று தடுக்கவில்லை. ஒட்டகங்களின்மீது கண்ணாடிக் கலங்கள்போல் மென்மையான பெண்கள் இருப்பதை நினைவூட்டி, மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். எவர்மீது இப்பாட்டு எவ்வாறு படுகிறது என்று பார்க்கக் கற்பித்தார்கள்.

2015இல் ஹனீபா மறைந்த செய்தி வந்த வாரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் சென்றேன். மாமு அதற்குமுன்பே மறைந்துவிட்டிருந்தார். அண்ணன் பழைய பெட்டியிலிருந்து அந்த நாடாவை எடுத்துத் தந்தார். மேல்விளிம்பில் நான் ஒட்டிய ஒட்டுத்தாள் மஞ்சள் பூத்து அப்படியே இருந்தது. அத்தனை ஆண்டுகளில் மாமு நினைத்திருந்தால் பயானின்மீது வேறெதையும் பதிந்திருக்கலாம்; பதியவில்லை. மருமகன் வைத்துவிட்டுப் போன சொல்லையும், மிஞ்சிய ஐந்து நிமிடப் பாட்டையும் ஒரே நாடாவில் காப்பாற்றி வைத்திருந்தார். நாணயம் பார்க்கத் தெரிந்தவர் அவர். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேட்காமற் போனேன். இக்கட்டுரையை அதற்கு ஈடாகக் கொள்ளும் துணிவு எனக்கில்லை, அவருக்காகக் கையேந்துகிறேன்.