வெள்ளி கலையாத வால்வு

பழைய ரேடியோ வால்வு ஒன்றைக் கையில் வாங்கியதும், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற அண்ணாச்சி மீட்டரைத் தேடுவதில்லை. கடை வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். கண்ணாடியின் உச்சியில், உள்பக்கமாக, ரசம் பூசினாற்போல் வெள்ளி படிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். அது பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் காற்றைத் தின்று தீர்ப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஆவியாக்கிப் படியவைத்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், வெளிக்காற்று புகுந்து வெள்ளியெல்லாம் பாலாய் வெளுத்துவிடும்.

“இது செத்துட்டு, தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அண்ணாச்சியின் கடை இருக்கிற புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மண்டியில் பழத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சாறு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அண்ணாச்சியின் கண்ணும் அந்த வகைதான்.

இப்போது அவர் மேஜையில் கிடப்பது ஒரு கிடார் ஆம்ப்ளிஃபயர். கோவில் கொடைகளில் வாசித்துவந்த ஒரு மெல்லிசைக் குழுவின் கிடார்காரருடையது. கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. யாரோ ஒரு மெக்கானிக் இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு, இரண்டு இ.எல். 34 வால்வும் இரண்டு இ.சி.சி. 83-ம் வைத்துக் கட்டியது. முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்திருக்கிறது. பல்லி முட்டை ஓடு, எலி கடித்த ஒயர், ஒரு குமிழ் காணோம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ரேடியோ செட்’ என்றால் ரேடியோவைக் குறிக்காது. குழாய், யூனிட், மைக், இசைத்தட்டு சுழலும் பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். பம்பாய் மோட்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோவும் டெல்லியின் அகுஜாவும் அந்தக் காலத்து மேடைகளில் நின்றன. அவற்றைப் பழுது பார்த்துப் பழகிய கைகள்தான் கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயர் கட்டின. பாடுகிறவருக்கு வேண்டியது தெளிவு. கிடாருக்கோ, வால்வு தன் எல்லையை முட்டும்போது தொண்டை கட்டினாற்போல் வருகிற அந்தக் கரகரப்பு வேண்டும். ஒரே வால்வு இரண்டையும் தரும். எதைத் தரும் என்பது அதைச் சுற்றிப் போட்டிருக்கிற சில்லறைச் சாமான்களைப் பொறுத்தது.

ஆகவே உதிரிச் சாமான் தேடுவதை நம்பர் பார்த்து வாங்கும் வேலையாக நான் நினைப்பதில்லை. இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சியே இருக்கிறது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடைதான் வைத்தார். அங்கிருந்துதான் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்தன. அவருடைய பாஸ்மேன் மாடலைப் பார்த்து, 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடை ஆட்கள் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அப்படியே. சாமான்கள் மட்டும் இங்கிலாந்தில் கிடைத்தவை. முதல் வால்வு 12 ஏ.ஒய். 7 இருந்த இடத்தில் அதைவிட அதிகமாகப் பெருக்கும் இ.சி.சி. 83. பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் இருந்ததற்குப் பதிலாக, மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன். சில வருஷத்தில் பவர் வால்வும் இ.எல். 34 ஆயிற்று. நகல் எடுக்கப் போனவர்கள் கையில் வேறொரு குரல் வந்து நின்றது. மாற்றுச் சாமான் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் மார்ஷலை ஒருதரம் கேட்டுவிட்டுச் சுளிக்கலாம்.

அண்ணாச்சியின் மேஜைக்கு வருவோம். பவர் சப்ளையில் இருக்கிற பெரிய கண்டன்சர்களிடம் அவர் இரக்கம் காட்டுவதில்லை. உள்ளிருக்கும் ஈரப்பசை காய்ந்துபோயிருக்கும். மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அலுமினிய டப்பாவைத் தூக்கிப் போடமாட்டார். அடியை அறுத்து, குடலை உருவி எடுத்துவிட்டு, இந்தக் காலத்துச் சின்ன கண்டன்சர்களை உள்ளே இறக்கி மூடிவிடுவார். மேலிருந்து பார்த்தால் பழைய டப்பா பழைய எழுத்தோடு நிற்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பல் கட்டிக்கொள்வதுபோலத்தான்.

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குப் பாட்டைக் கடத்திவிடுகிற மெழுகுக் காகிதக் கண்டன்சர் விஷயத்தில் நான் சூடுபட்டவன். பழைய சரக்குக்குத்தான் பழைய குரல் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பெரிய ஊரில், பிரிக்காத பழைய கண்டன்சர்களை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்து நானே பற்றவைத்தேன். பத்து நிமிஷம் அருமையாகப் பாடியது. பிறகு பவர் வால்வின் உள்தகடு, அடுப்பில் வைத்த தோசைக்கரண்டிபோல, சிவக்க ஆரம்பித்தது. கண்டன்சரின் வேலை டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது. அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு பாசிட்டிவ் மின்சாரம் ஏறி, வால்வு கட்டுமீறி இழுத்துத் தன்னையே எரித்துக்கொள்ளும். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் நிற மைலார் கண்டன்சர் இரண்டை எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ரெசிஸ்டர்களில் அவர் கஞ்சர். கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறிக்கொண்டே போகும். 100 கிலோ ஓம் என்று பட்டை போட்டது 120 காட்டும். இரைகிறதை மட்டும் கழற்றுவார். மற்றவை இருக்கட்டும், இத்தனை வருஷம் அதோடுதானே பாடியிருக்கிறது என்பார். இது சோம்பலா ரசனையா என்று எனக்குள் ரொம்பநாள் வழக்கு நடந்தது. இப்போது அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கடையில் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு: அவுட்புட் டிரான்ஸ்பார்மர். நானூறு வோல்ட்டில் ஓடுகிற வால்வுக்கும் சில ஓம் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பேசவைக்கிற தரகர் அது. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் காயலான் கடைக்குப் போனதே பெரும்பாலும் அதிலிருக்கிற செம்புக்காகத்தான். கிடார்காரர் பெட்டியில் அது எரிந்திருந்தது. அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு போனது பக்கத்துத் தெருவில் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம்.

இரண்டு பேரும் அதைப் பிரித்ததைக் கூட இருந்து பார்த்தேன். ‘இ’, ‘ஐ’ வடிவத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, வரிசை குலையாமல் நூலில் கட்டிவைத்தார்கள். பாபினைக் கைமிஷினில் மாட்டிப் பின்னோக்கிச் சுற்ற, ஒருவர் எண்ண, ஒருவர் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டார். தலைமயிர்க் கனத்துக் கம்பி ஒரு படுகை, காகிதம், மறுபடி ஒரு படுகை, திடீரென்று தடித்த கம்பி, மறுபடியும் மெல்லியது. மோட்டார்காரர் நிறுத்திவிட்டார். “இது என்னவே, சேலை மடிச்ச மாதிரி மாத்தி மாத்திச் சுத்திருக்கான்?” அதுதான் சூட்சுமம். இரண்டு சுற்றையும் இப்படி இடையிடையே அடுக்கினால்தான் உச்ச ஒலிகள் மங்காமல் ஸ்பீக்கர் வரை போய்ச்சேரும். எண்ணிக்கை சரியாக இருந்து அடுக்கு மட்டும் மாறியிருந்தால், பாட்டு வரும், கம்பளி போர்த்திக்கொண்டு வரும். மூன்று நாள் ஆயிற்று. வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தார். மோட்டார் காயிலுக்கு வாங்குகிற கூலிதான் வாங்கினார்.

வால்வு மட்டும் தேடிப் போக வேண்டிய சமாசாரம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு என்று மூலைக்கு ஒரு அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் பிலிப்ஸ் கூட்டில் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அந்த ‘பெல்’ இ.சி.சி. 83-ஐ வெளிநாட்டுக்காரர்களே தேடி வாங்குகிறார்கள். புதிதாக வேண்டுமென்றால் ஸ்லோவாகியா, சீனா, ரஷ்யா. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகம் முழுக்கக் கிடார்காரர்கள் பதறினார்கள். புளியங்குடியில் அண்ணாச்சியின் பிஸ்கட் டின்னில், தினத்தந்தித் தாளில் சுற்றியபடி ஏழு இ.எல். 34 பத்திரமாக இருந்தன.

அந்த ஏழில் ஒன்றின் மேல் ‘முல்லார்ட்’ என்று பளிச்சென்று அச்சு. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அசல் அச்சு விரல் பட்டாலே அழிந்துவிடுமாம். புத்தம்புதிதாக மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும். அடிப்பக்கத்துக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இரண்டு வரி இருக்கும். அதில் ‘பி’ என்று வந்தால் பிளாக்பர்ன் தொழிற்சாலைச் சரக்கு. பூதக்கண்ணாடி வைத்து அதைத்தான் தேடினார். அப்புறம் ஏழையும் ஒவ்வொன்றாக மாட்டி, சும்மா நிற்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று குறித்து, நெருக்கமான இரண்டை ஜோடி சேர்த்தார். பொருத்தம் சரியில்லாத ஜோடியால் உறுமல்தான் மிஞ்சும்.

உறுமலிலும் அவருக்குப் பேதம் உண்டு. பவர் சப்ளை கண்டன்சர் போனால் 100 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லை, ஹீட்டர் ஒயர் தப்பாய்ப் போகிறது என்றால் 50. இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளி. அவர் ஸ்தாயி என்றெல்லாம் சொல்வதில்லை. “இது மேல் உறுமல், இது கீழ் உறுமல்” என்பார், கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

கடைசி நாள் கிடார்காரர் வந்திருந்தார். நூறு வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஸ்விட்சைத் தட்டினார் அண்ணாச்சி. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிடும். பளீரென்று எரிந்தது, கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரிகிற அளவில் நின்றது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு ஏறியது. பல்பைக் கழற்றி நேரே கரண்ட் கொடுத்தார். கீழ் உறுமலும் இல்லை, மேல் உறுமலும் இல்லை.

காணாமல்போன குமிழுக்கு, உடைந்த பிலிப்ஸ் ரேடியோ ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கழற்றி மாட்டியிருந்தார். மற்ற மூன்றும் கறுப்பு. கறுப்பிலேயே நாலாவதும் கிடைக்கும், நான் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். கிடார்காரர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கம்பிகளை ஒருதரம் தட்டிப் பார்த்தார். பழுப்புக் குமிழைத்தான் மெல்லத் திருகினார்; கரகரப்பு அங்கேதான் இருந்தது.