எகிப்தின் பெயரைச் சொல்லாத சாட்சிகள்

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கென்று ஒரு இலக்கிய வகை இருக்கிறது. அச்சில் ஏறாத, இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் கணக்கில் எடுக்காத வகை. 'சாட்சி சொல்வது' என்று அதற்குப் பெயர். ஜெபக்கூட்டத்தில், உபவாசக் கூட்டத்தில், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் யாரோ ஒருவர் எழுந்து நின்று தன் கஷ்டகாலத்தைச் சொல்கிறார். கடன், நோய், பிள்ளையின் பரீட்சை, கிடைக்காத வேலை. பிறகு கர்த்தர் தன்னை அதிலிருந்து எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறார். சபை அல்லேலூயா போடுகிறது. இந்தப் பேச்சுக்குத் தொடக்கம் உண்டு, திருப்பம் உண்டு, முடிவு உண்டு. ஆகவே இதை ஒரு பிரதியாக வைத்துப் படிக்கலாம். தலித் இலக்கியக்காரர்களான நாம் கட்டாயம் படிக்க வேண்டும். தமிழகக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி நம் சனம்தான். எழுத்து தெரியாத நம் அம்மாக்கள் பலர் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயால் சொன்னது முதலில் இந்த வடிவத்தில்தான்.

நமது பகுத்தறிவுத் தோழர்கள் இந்தச் சாட்சிகளைக் கேலி செய்வார்கள். நான் செய்யமாட்டேன். புருசன் செத்து, மூணு பிள்ளைகளைக் களையெடுத்த கூலியில் படிக்கவைத்த ஒருத்தி, "எம் பிள்ளைக பட்டினி கெடக்க அவரு விடல" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருபது வருச உழைப்பு இருக்கிறது. தன்னைக் கணக்கில் வைத்திருக்கிற ஒருவர் உண்டு என்ற நினைப்பு இல்லாமல் அந்த இருபது வருசத்தை அவள் தாண்டியிருப்பாளா? ஊர் அவளை மனுசியாக நினைக்காத இடத்தில் அவள் தன்னை மனுசியாக நினைக்க அந்த நம்பிக்கை கைகொடுத்திருக்கிறது. கேலி செய்கிறவர்கள் அவளுக்கு வேறு என்ன கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

என் கேள்வி வேறு. அவள் சொன்ன சாட்சியில் விட்டுப்போனது எது? நாள் பூரா குனிந்து வேலைசெய்தும் கூலி ஏன் வயிற்றுக்குப் பத்தவில்லை? அளந்தவன் யார்? குடிதண்ணீர்க் குழாயில் அவள் ஏன் கடைசியில் நின்றாள்? சாட்சியில் 'சத்துரு' என்ற சொல் தாராளமாக வரும். ஆனால் அந்தச் சத்துரு எப்போதும் பிசாசுதான். பண்ணையார் வரமாட்டார், ஊர்ப் பஞ்சாயத்து வராது, அதே கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மேல்சாதிக் கிறிஸ்தவர் வரவே மாட்டார். மழை பெய்யாமல் போவதுபோல, காய்ச்சல் வருவதுபோல, கஷ்டம் தானாக வந்துவிடுகிறது. செய்தவன் இல்லாத வாக்கியம். எழுவாயைத் தூக்கிவிட்டுப் பயனிலையை மட்டும் வைத்துக்கொள்ளும் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை அம்பேத்கர் முன்பே கண்டுகொண்டார். அவர் மறைவுக்குப் பிறகு அச்சான, மதம் மாறியவர்களின் நிலை குறித்த கட்டுரையில், கிறிஸ்தவரான தீண்டப்படாதவர்கள் தங்கள் குறைகளுக்காக ஏன் போராடவில்லை என்று கேட்கிறார். மனிதனின் வீழ்ச்சிக்கு அவன் பாவமே காரணம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவன், தன்னைச் சுற்றியுள்ள சமூக அமைப்பைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டான் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. சாட்சி நேரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது எவ்வளவு சரி என்று தெரியும்.

ஆனால் வேதபுத்தகத்தின் நினைவு இந்த இலக்கணத்தில் எழுதப்பட்டதா? இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குடியானவன் முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆசாரியன் முன் வருகிறான். அவன் என்ன சொல்லவேண்டும் என்று நியமம் இருக்கிறது. எங்கள் தகப்பன் நாடோடி, எகிப்துக்குப் போனோம், எகிப்தியர் எங்களைக் கொடுமைப்படுத்தி வேலை வாங்கினார்கள், கூப்பிட்டோம், அவர் கேட்டார், வெளியே கொண்டுவந்தார். இதுதான் சாரம். கவனியுங்கள்: கடவுள் உண்மையுள்ளவர் என்று சொல்கிற இந்த நன்றியறிக்கையில் எகிப்தின் பெயர் இருக்கிறது. செய்தவன் பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. 'நான்' என்பதைவிட 'நாங்கள்' இருக்கிறது. எகிப்தை எடுத்துவிட்டால் கடவுள் எதிலிருந்து விடுவித்தார் என்று சொல்ல வாய் ஏது?

எபெனேசர் கதையும் அப்படித்தான். நம்மூர்ப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் எத்தனை எபெனேசர்கள்! வீட்டு வாசலிலும் அந்தப் பெயரே. சாமுவேல் அந்தக் கல்லை நட்டது பெலிஸ்தியரோடு நடந்த போருக்குப் பின். போர்க்களத்துக் கல் இன்று வீட்டுச் சுற்றுச்சுவரில் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. புலம்பல் மூன்றாம் அதிகாரத்திலிருந்து தினந்தோறும் புதிதாகும் இரக்கம் பற்றிய வசனத்தை மட்டும் நறுக்கியெடுத்துக் காலண்டரில் போடுகிறார்கள். நகரம் எரிந்து, குழந்தைகள் பசியில் சுருண்டு விழுகிற புத்தகம் அது. அந்தப் புத்தகம் ஆறுதலில் முடியவில்லை, எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற கலக்கத்தில் முடிகிறது. 44ஆம் சங்கீதம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. முன்னோர் காலத்தில் நீர் செய்ததையெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று தொடங்கி, இன்று எங்களை விற்றுப்போட்டீரே, நாங்கள் உம்மை மறக்கவில்லையே, ஏன் தூங்குகிறீர் என்று கடவுளையே நிறுத்திவைத்துக் கேட்கிறது. கடந்தகால உதவியை நினைவுகூர்வது அங்கே சமாதானப்பட்டுக்கொள்வதற்கான வழி அல்ல. அது ஒரு பத்திரம். பத்திரத்தைக் காட்டிப் பாத்தியதை கேட்கிற குரல்.

1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையில் தலித் இறையியலுக்கு வித்திட்ட அர்விந்த் பி. நிர்மல், பின்னர் தம் எழுத்தில் இதே உபாகமப் பகுதியைத்தான் கையில் எடுத்தார். இஸ்ரவேலின் அறிக்கையைப்போல நமக்கும் ஒரு வரலாற்று அறிக்கை வேண்டும், நம் முன்னோர் பட்ட அவமானம் அதில் பெயர் சொல்லி வரவேண்டும் என்றார். இறையியல் கல்லூரிக்குள் எழுந்த குரல் அது. சேரிக்குள்ளிருந்து, சேரி மொழியிலேயே அந்த அறிக்கையை எழுதிக்காட்டியது 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'.

'கருக்கு' பற்றி நிறையப் பேசியாகிவிட்டது: தலித் தன்வரலாறு, பெண் எழுத்து, பேச்சுமொழிப் புரட்சி. எல்லாம் சரி. ஆனால் அது ஒரு கிறிஸ்தவச் சாட்சி என்பதை இலக்கியவாதிகளும் சொல்வதில்லை, சபையாரும் ஒத்துக்கொள்வதில்லை. நூலாசிரியர் முன்னுரையிலேயே பனங்கருக்கின் இரண்டு பக்கக் கூர்மையை எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு சேர்த்து வைக்கிறார். சாட்சியின் வடிவம் அப்படியே இருக்கிறது: இன்ன நிலையில் இருந்தேன், இன்னது நடந்தது, இப்போது இப்படி நிற்கிறேன். ஆனால் எழுவாய் திரும்பி வந்துவிடுகிறது. பலகாரப் பொட்டலத்தின் நூலைப் பிடித்துக் கைபடாமல் தூக்கிக்கொண்டு போகிற தெருப் பெரியவர் வருகிறார். யாருக்காக அப்படித் தூக்கினார் என்பதும் வருகிறது. எட்டி நின்று ஊற்றும் தண்ணீர் வருகிறது. கல்லறைத் தகராறும் போலீசு அடியும் வருகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று மடத்துக்குப் போனால், மடம் வசதியானவர்களின் பிள்ளைகளுக்காக உழைக்கிறது. ஏழு வருசத்துக்குப் பிறகு வெளியே வருகிறார்.

வழக்கமான சாட்சியில் திருப்பம் எங்கே வரும்? உலகத்தை விட்டு சபைக்குள் வரும்போது. பாமாவின் சாட்சியில் மடத்தை விட்டு வெளியே வருவதுதான் திருப்பம். ஆனால் அவர் கடவுளை விட்டுவிட்டு வரவில்லை. பணிவும் பொறுமையும் போதித்த கடவுளைக் கழித்துவிட்டு, நீதிக்காகக் கோபப்பட்ட இயேசுவைத் தேடிப் பிடிக்கிறார். நம்மில் சிலர் இதைப் பழைய பிடிப்பின் மிச்சம் என்று தள்ளுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுளின் உண்மையை அளவுகோலாக வைத்தே திருச்சபையின் பொய்யை அவர் அளக்கிறார். அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டால் அந்த நூலின் கோபம் பாதியாகிவிடும்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. நம்பிக்கை என்பது அந்நூலில் பெரும்பாலும் ஒருத்தியின் உள்மனப் போராட்டமாகவே நடக்கிறது. விழா வருகிறது, பூசை வருகிறது. ஆனால் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து எதை நம்பினார்கள், எதைக் கேட்டுச் சண்டைபோட்டார்கள் என்பது போதுமான அளவு வரவில்லை. அது அவர் ஒருவர் செய்துமுடிக்கிற வேலை அல்ல. நம் எல்லாருக்கும் மிச்சமிருக்கிற வேலை.

நன்றி சொல்லும் இலக்கியம் சாதியோடு நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெரும்புலவர். அவர் கீர்த்தனைகளை இன்றும் சபைகள் உருகிப் பாடுகின்றன. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பியபோது, அதை எதிர்த்த தஞ்சைக் கிறிஸ்தவர்களின் பக்கம் நின்றவர் அவர். கடவுளின் கிருபையை நினைத்து நினைத்துப் பாடுகிற நாக்கும், பக்கத்தில் பறையன் உட்காரக்கூடாது என்று வாதாடுகிற நாக்கும் ஒன்றாக இருந்திருக்கிறது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக 1872இல் கோயில் கட்டி, நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆனது. அங்கே வெள்ளாளரும் நாடாரும் பிரிந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கடவுளுக்குத்தான் நன்றி சொன்னார்கள். தலித்துகளின் மீது தன் வளாகத்துக்குள்ளேயே தீண்டாமை நடக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டது 2016இல்.

இன்னொரு பக்கம் அரசாங்கம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமுடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்கவேண்டாம் என்று பரிந்துரைத்தும் நடக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வேலைக்காக இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்று கேட்பது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. இதன் பொருள் என்ன? சேரிக் கிறிஸ்தவன் கோயிலில் எழுந்து நின்று சொல்கிற சாட்சி, தாசில்தார் ஆபீசில் அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. அவன் எப்படி வாய் திறப்பான்? பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று வாழ்கிற வீடுகள் எத்தனை! கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்பதை அவன் முணுமுணுக்க வேண்டியிருக்கிறது. சாட்சிகளில் சாதியின் பெயர் வராததற்குப் போதனை மட்டும் காரணமல்ல, இந்தப் பயமும் காரணம். அவன் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

அப்படியானால் நினைவுகூர்வதை என்ன செய்வது? கோயிலுக்கே விட்டுக்கொடுத்துவிடலாமா? கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, சனங்கள் அறிந்த 'பரட்டை' அண்ணன், ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கர்நாடக ராகக் கீர்த்தனைக்குப் பதிலாக நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 'ஒரு ஒல' என்றார்: எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதுதான் ஆராதனை என்று. தீட்டு என்று சொல்லி நம்மைப் பந்தியிலிருந்து விலக்கிய ஊரில் இது சாதாரணப் பேச்சா? உபாகமம் 26ஐ இன்னும் இரண்டு வசனம் தள்ளிப் படித்தால் அங்கேயும் அதுதான் இருக்கிறது. நன்றியறிக்கையைச் சொல்லி முடித்தவன், நிலமில்லாத லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது. நினைவு சாப்பாட்டில் போய் முடிகிறது. எகிப்தை நினைத்தவன் தன் வீட்டு வாசலில் இன்னொரு எகிப்தைக் கட்டக்கூடாது.

எழுதுகிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்குப் போங்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் பாடு. அம்மாக்கள் சொல்கிற சாட்சியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கூட்டம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, "அந்த வருசம் கஷ்டப்பட்டோம்னு சொன்னியே, யாரும்மா கஷ்டப்படுத்துனது?" என்று கேளுங்கள். மைக்கில் சொல்லாத பெயரை அவள் திண்ணையில் சொல்வாள். எத்தனை மரக்கால் நெல் குறைந்தது, எந்தக் கிணற்றில் விரட்டினார்கள், பிணத்தை எந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம், எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். அவள் சம்மதித்தால், அவள் பெயரை மறைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டுக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது. "அவரு எங்களக் கைவிடல" என்று அவள் முடித்தால் அந்த வரியையும் வெட்டாமல் போடுங்கள். அது அவளுடைய வரி.