இலை பிடிக்கும் இளங்கருடன்

கருடனைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தம் காரியத்தைப் பார்க்கப் போகிறவர்களே நம்மில் அநேகர். அந்தப் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், தலையும் மார்பும் வெளுத்து, மற்ற உடலெல்லாம் செங்காவி படர்ந்த வயதுவந்த பறவையை மட்டும் தரிசித்துத் திரும்புகிறவர், அதன் இளம்பருவத்து விநோதங்களை அறியாமலே போய்விடுகிறார்.

செம்பருந்து என்று நாம் வழங்கும் இப்பறவை நம் தேசத்தில் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டுவதால், கோடையில் பழவேற்காடு போன்ற கழிமுகங்களிலும் மீன்பிடி துறைகளிலும் புதிதாகப் பறக்கத் தொடங்கிய குஞ்சுகளைக் காணலாம். அவை பழுப்பு நிறமாகையால் ஊர்ப்பருந்தென்றே பலர் நினைத்துவிடுவார்கள், வாலைப் பாருங்கள். ஊர்ப்பருந்தின் வால்நுனி நடுவே பிளந்திருக்கும். இதனுடையது வளைந்து உருண்டிருக்கும்.

இனி, கண்ணைச் சிறகிலிருந்து காலுக்கு இறக்க வேண்டும். எங்கோ கவ்விய இலையொன்றை உயரே கொண்டுபோய், விரல்களைத் தளர்த்தி நழுவவிட்டு, அது புரண்டு புரண்டு இறங்குகையில் சிறகை ஒடுக்கிச் சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மறுபடியும் பற்றப் பார்க்கிறதே, அந்தக் க்ஷணந்தான் ரசிகனுக்கு உரியது. இலை நேராக விழுவதில்லை. அதனால் பலமுறை நகங்களுக்கு ஆகாயமே அகப்படும். (தோற்கும் பாய்ச்சல்களே எனக்கு அதிகம் பிடிக்கும்.)

காக்கைகள் துரத்தும்போது இரையைக் கைவிடுவது வேறு, அது நஷ்டம். துரத்துவோர் ஒருவருமின்றித் தானே போட்டுத் தானே பாய்ந்து, சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தால் அது விளையாட்டு. நாளை நீர்ப்பரப்பிலிருந்து மீனைக் காலால் வாரியெடுத்து, பறந்தபடியே தலையைக் குனிந்து கொத்தித் தின்னவேண்டிய பறவைக்கு இது நல்ல அப்பியாசம் என்பது வாஸ்தவமே. ஆயினும் பசியைத் தீர்க்காத ஒரு சருகுக்காக அது காட்டும் உற்சாகத்தைப் பார்த்தால், பயிற்சி என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. எலியை விட்டுவிட்டுப் பிடிக்கும் பூனையைப் பார்க்கையில் எழும் சங்கடமும் இங்கே இல்லை. சருகுக்கு ஏது வேதனை?

பறவையை அடையாளம் கண்டுகொள்ளும் வரை பைனாக்குலர் உதவும். ஆட்டம் தொடங்கியதும் அதைக் கீழே வைத்துவிடுங்கள். அதன் குறுகிய வட்டத்துக்குள் பருந்து நிற்கும்போது, இலை எப்போதோ வெளியே போயிருக்கும்.