அகுஸ்தீனாரின் ‘அறிக்கை’யும் மன்னிப்பின் இயல்பும்

பெரும்பிழை புரிந்தான் ஒருவன், மன்னிப்புப் பெற்ற பின்னர் அதனை மறத்தல் வேண்டுமோ, உரைத்தல் வேண்டுமோ என்னும் வினாவுக்குக் கிறித்தவ நூல்களுள் விரிந்த விடை தருவது, அகுஸ்தீனார் இலத்தீன் மொழியிற் பதின்மூன்று பகுதிகளாக இயற்றிய ‘அறிக்கை’ என்னும் நூலாகும். வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 386-இல் மிலான் நகரில் மனந்திரும்பி, 387-இல் ஞானமுழுக்குப் பெற்றார். இந்நூலை எழுதியது பத்தாண்டு கழித்து, ஆயராய் விளங்கிய காலத்தேயாம்.

மன்னிக்கப்பட்ட குற்றத்தை மீட்டும் எடுத்துரைத்தல், மன்னிப்பின்கண் ஐயுறுதலாகாதோ எனின், ஆகாது. புண் ஆறியவன் தழும்பைக் காட்டுதல் மருத்துவனைப் புகழ்தற்கேயாம். பத்தாம் பகுதியில், உணவு, இசை, புகழ் என்பவற்றால் அன்றுந் தம்மைத் தாக்கும் ஆசைகளையும் அவர் மறைத்திலர். ஆயர் பெருமைக்கு இழுக்கென்று அஞ்சாத இம்மெய்ம்மையே நூலின் உயிர்.

ஆயினும் ஆறாம் பகுதியில் ஒரு குறை நிற்கின்றது. பல்லாண்டு அவரோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்ற பெண், வேறு மணத்திற்கு இடையூறென விலக்கப்பட்டாள். மகனை அவர்பால் விடுத்து, இனி ஆடவர் எவரையுஞ் சேரேனென நோன்பு பூண்டு ஆப்பிரிக்காவுக்கு மீண்டாள். அகுஸ்தீனாரோ, மணமகள் பருவமெய்தும்வரை ஏறக்குறைய இரண்டாண்டு பொறுக்கமாட்டாது மற்றொருத்தியைச் சேர்ந்தார். தம் நெஞ்சம் புண்பட்டுக் குருதி சொரிந்ததென்பவர், அவள் நெஞ்சு பட்ட பாட்டை உரைத்திலர். அவளிடம் மன்னிப்பு வேண்டியதாக நூலிற் செய்தியும் இல்லை.

பெயர் கூறாமை அவள் மானங் காத்தற்கு எனின், பொருந்தும். மன்னிப்பு வேண்டாமைக்கு அது விடையாகாது. பிறர் நூலை அவர்தம் பிரமாணங்கொண்டே அளத்தல் முறையாதலின், மத்தேயு சுவிசேடத்து ஐந்தாம் அதிகாரத்தை நோக்குக. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேற் குறையுடையார் உளரென நினைந்தவுடன், அதனைப் பீடத்தின்முன் விட்டுச் சென்று, முன்னர் அவரோடு ஒப்புரவாகவேண்டுமென்பது ஆண்டைய விதி. இந்நூல் இறைவனுக்கு இட்ட காணிக்கையாயின், அதற்குமுன் நடக்கவேண்டிய வழி ஒன்று எஞ்சியுளது.

இதனால் நூலின் பெருமை குன்றாது. அவளது உறுதிக்குத் தாம் நிகராகவில்லையென அவரே ஒப்பினார். அக்குறையை நாம் காண்டற்கும் அவர் மெய்ம்மையே துணையாயிற்று. பிழை செய்து வருந்துவார், இறைவன்முன் மறையாமையை அவர் சொல்லியவற்றாற் கற்க. தம்மால் நொந்தாரிடஞ் செல்லுதலை அவர் சொல்லாது விட்ட இடத்தாற் கற்க.