தோம்பில் ஏறாத வீடுகள்

வீடு, ஊர், வேர் என்று பேசும் கூட்டுக் கலைச் செயல்பாடுகள் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. மக்களிடம் நினைவுகளை வாங்கிக்கொண்டு, கடைசியில் கலைஞனின் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதன் ஆங்கிலத் தலைப்புக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்.

போரால் இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேரின் வீடுகள் இதில் இருக்கின்றன. விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை அவரவர் நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். கூடவே, அதைக் கட்டட வரைபடமாகத் திருத்திய பிரதி, சனாதனனின் ஓவியம், வரைந்தவரின் கதை. நூலும் அலுவலகக் கோப்பு மாதிரிதான் இருக்கிறது.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த நிலப்பதிவேடு. வரி வாங்கும் அதிகாரத்தின் பிரதி. அந்த ஏட்டை அகதியே எழுதுகிறார் என்பதில்தான் இதன் அரசியல் இருக்கிறது. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும், 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும் காணி உறுதியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்ப எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்? இங்கே கோணலாகப் போகும் கோடுதான் சாட்சி. பக்கத்திலிருக்கும் திருத்திய படத்தில் கோடு நேராகிறது. வரைந்த கை காணாமல் போகிறது. இரண்டையும் சேர்த்து வைத்ததால்தான் அந்த இழப்பு நமக்குத் தெரிகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி. தரைப்படம் என்ற வடிவம் எல்லோருக்கும் பொதுவானதா? அதில் கிணறு ஒரு வட்டம். யார் அதில் தண்ணீர் அள்ளலாம், யார் யாராவது ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும் என்பதை வட்டம் சொல்லாது. வேலி ஒரு கோடு. அடுத்தவர் காணியில் குடியிருந்தவருக்கு அந்தக் கோடு எந்தப் பக்கம்? மலையகத்து லயத்தில் ஒரு அறையை வரைந்தால் வரிசை முழுவதையும் வரைந்த மாதிரிதான். 1977 கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து வன்னிக்கு வந்து, மறுபடி போரில் பெயர்ந்தவர் எந்த வீட்டை வரைவார்?

எம்.ஏ. வகுப்பில் நிலம் முதற்பொருள் என்று படித்தோம். அது யார் பேரில் இருக்கிறது என்று யாரும் கேட்கலை. தமிழில் ‘சொந்தம்’ என்ற ஒரே சொல் உறவையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். ஒரு சென்ட் நிலமில்லாதவருக்கும் சொந்த ஊர் உண்டு. தோம்பு பதிவது உடைமையை. இந்த 80 பேர் அதற்குள் உறவைப் பதிந்திருக்கிறார்கள். பெரிய காரியம்தான். ஆனால் உடைமையே இல்லாத உறவை வரைய இன்னும் வடிவம் கிடைக்கவில்லை. முற்றுப்பெறவில்லை என்று சனாதனன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அதை நாம் அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போக வேண்டாம். மீதி வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.