நாலாம் வகுப்பு நோட்டை ரசிப்பது எப்படி?

புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நின்று எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். மார்கழியில் சபா கேன்டீன் வாசலில் நின்றபடியே ராகம் கண்டுபிடிக்கிறார்கள். திரைப்பட விழாவுக்குக் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு காலைக் காட்சிக்கே ஓடுகிறார்கள். தெருமுனையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. இந்த வாரம் எழுதிய புத்தம்புதுத் தமிழ் உரைநடை அதன் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் எந்த ரசிகரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "சின்னப் பசங்க எழுதினதுதானே, க்யூட்டா இருக்கும்" என்கிறார்கள். இந்த 'க்யூட்'டைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைகளை முதலில் முடித்துவிடுவோம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் போதும். அதற்குக் கீழே எழுத்துக்கூட்டுவதிலேயே பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அதற்கு மேலே நோட்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். எழுதிய பிள்ளையிடமும் கேளுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டுரை நோட்டைவிட ரஃப் நோட்டு மேல். கையெழுத்து இதழ் நடத்தும் ஆசிரியர் வாய்த்த பள்ளி என்றால் உங்கள் அதிர்ஷ்டம். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். அது இன்னும் அழியாமல் இருந்தால் தரையில் உட்கார்ந்து படியுங்கள். எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும். சிவப்புப் பேனா பைக்குள்ளேயே இருக்கட்டும். அடிப்படை இவ்வளவுதான்.

'மழை' என்ற தலைப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: "மழ பேஞ்சா எங்க ஆயா ஆட்ட வூட்டுக்குள்ள கட்டும். ஆடு டிவி பாக்கும். வெளம்பரம் வந்தா கத்தும்."

நம் ஆட்கள் உடனே "ஆகா, என்ன கற்பனை!" என்பார்கள். கற்பனையாவது ஒன்றாவது! ஒற்றை அறை வீட்டில் ஆட்டைக் கட்ட டிவிக்கு எதிர்ப்பக்கம்தான் இடம் இருந்திருக்கும். விளம்பரத்தில் திடீரென்று சத்தம் கூடும்போது அது மிரண்டு கத்தியிருக்கும். பிள்ளை கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறது. பெரியவர்கள் கற்பனை என்று பாராட்டுவதில் பெரும்பகுதி வெறும் கவனிப்புதான். நாம் கவனிப்பதை விட்டுவிட்டதால் நமக்கு அது கற்பனையாகத் தெரிகிறது.

டால்ஸ்டாய்க்கு இது தெரிந்திருந்தது. 'போரும் அமைதியும்' எழுதுவதற்கு முன்பே, 1859-இல், யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரு பழமொழியை வைத்துப் பையன்களோடு சேர்ந்து கதை கட்டும்போது, அதில் வரும் ஓர் ஆள் பெண்கள் போடும் ரோமக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான் என்று சேர்க்கச் சொன்னான் ஃபெத்கா என்ற பையன். எதற்குப் பெண்கள் கோட்டு? யோசித்தால் அந்த ஒரு கோட்டிலேயே அந்த வீட்டின் நிலை முழுதும் தெரிந்துவிடுகிறது. டால்ஸ்டாய் அசந்துபோனார். அவர்கள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று 1862-இல் தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். நம் ஊர் சிறார் இலக்கியக் கருத்தரங்குகளில் டால்ஸ்டாய் பெயர் அடிபடாமல் இருக்காது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசப்படுவது பெரியவர்கள் சிறுவர்களுக்காக எழுதியது மட்டும்தான். சிறுவர்கள் எழுதியதற்கு ஓர் அமர்வுகூடக் கிடையாது. தேநீர் இடைவேளையில் சார்ட் அட்டையில் ஒட்டிவைத்திருப்பார்கள்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் எழுத்தில் பிழை இரண்டு வகை. ஒன்று காதுப் பிழை, இன்னொன்று கண் பிழை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு ஆயிரம் நோட்டு கொடுத்தாலும் ஒன்றும் பிடிபடாது.

ஆட்டுக் கதையில் இருப்பவை எல்லாம் காதுப் பிழைகள். மழை 'மழ' ஆனது, விளம்பரம் 'வெளம்பரம்' ஆனது. காதில் விழுந்ததைக் கை எழுதியிருக்கிறது. அலட்சியத்தில் வருகிற பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இலை 'எல' ஆகும், விலை 'வெல' ஆகும், குடை 'கொட' ஆகும், உடம்பு 'ஒடம்பு' ஆகும். அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், சொல்லின் முதலில் நிற்கும் இகரம் பேச்சில் எகரமாகும், உகரம் ஒகரமாகும். மொழியியல்காரர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். குடையைக் 'கொட' என்று எழுதும் பிள்ளை புலியைப் 'பொலி' என்று ஒருநாளும் எழுதாது. துணியைத் 'தொணி' ஆக்காது. அங்கே அடுத்து வருவது இகரம், அதனால் மாறாது. இந்த இலக்கணத்தை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கம் முழுக்கப் பிழையாக இருக்கும். பிழை எல்லாம் விதிப்படி இருக்கும்!

ஊர்கூடத் தெரியும். மழை 'மள' என்று வந்தால் மதுரைக்குத் தெற்கே தேடுங்கள். வாழைப்பழம் 'வாயப்பயம்' என்று வந்தால் சென்னைப் பக்கம்.

கண் பிழை வேறு ஜாதி. கரும்பலகையில் டீச்சர் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதும்போது வருவது. "பசு ஒரு வீடடு விலஙகு." புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருப்பதால் மரம் 'மாம்' ஆகிவிட்டது. இரண்டு வரியில் ஒரே சொல் வந்தால் கண் தாவி, நடுவிலிருக்கும் ஒரு வரி காணாமல் போயிருக்கும். ஓலைச்சுவடி எழுதியவர்களும் இதே பிழைகளைத்தான் செய்தார்கள். புள்ளி கிடையாது, ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் கிடையாது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இவற்றோடுதான். ஆகவே கண் பிழையை மட்டம் என்று சொல்லமாட்டேன். அது பதிப்பாசிரியர் பார்க்க வேண்டிய பிழை. ரசிகருக்கு அதில் வேலையில்லை. அந்தப் பக்கத்தில் பிள்ளை இல்லை, அதன் கண் மட்டும்தான் வேலை செய்திருக்கிறது.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னது இதற்குத்தான். காதுப் பிழையை உரக்கப் படித்தால் சரியாக ஒலிக்கும், ஒரு பிள்ளை பேசுவதே கேட்கும். கண் பிழையைப் படித்தால் நாக்கு தடுக்கும். 'மாம்' என்று சொல்லிப் பாருங்கள்.

கைப் பிழை என்று மூன்றாவது ஒன்று உண்டு, இடமில்லை, விட்டுவிடுகிறேன். இல்லை, கொம்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'தெரு' என்று எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் தகரத்தைப் போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும். ஒலிக்கும் வரிசை அதுதானே? முதலில் த், பிறகு எ. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து லை, னை முதலியவற்றின் துதிக்கையை எடுத்தது; கொம்பை அப்படியே விட்டுவிட்டது. பிள்ளை நியாயமாகத்தான் எழுதுகிறது.

இனி, பிழையே இல்லாத பக்கம். பரிசு வாங்குவது அதுதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை; மரம் தன் வரலாறு கூறும்; ஒன்பது வயதுப் பிள்ளை 'இயற்கை அன்னையின் மடியில்' என்று தொடங்கும். அதை எழுதியது அப்பா, அல்லது கூகுள், அல்லது இரண்டு பேரும். நடுவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் நடுவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கோடை விடுமுறையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கும் படைப்பாற்றல் முகாம்கள் இன்னும் மோசம். வண்ணத்துப்பூச்சியும் நிலாவும் கட்டாயப் பாடம். கடைசி நாளில் கவிதைத் தொகுப்பு வெளியீடு, அதற்கு மூன்று அணிந்துரை, ஒரு சாதனைச் சான்றிதழ். அந்தத் தொகுப்பில் ஒரு காதுப் பிழை காட்டுங்கள், நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன்.

எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது என்பது என் கட்சி இல்லை. எப்போது, யாருக்காக என்பதுதான் கேள்வி. 'ஒடம்பு' மேல் சிவப்பு வட்டம் போட்டால், அடுத்த முறை பிள்ளை 'உடம்பு' என்று எழுதுவதில்லை. உடம்பைப் பற்றியே எழுதுவதில்லை. பிழையில்லாமல் எழுத வரும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பசுவிடம் திரும்பிப் போய்விடுகிறது. செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். 1920-களில் பார்-சூர்-லூப் என்ற சிற்றூரில் தன் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சடித்து, தூரத்திலிருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃப்ரெனேயின் வகுப்பிலும் பிழை திருத்தினார்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, இன்னோர் ஊரில் ஒரு பையன் படிக்கப்போகிறான் என்பதற்காக. அச்சுப்பொறியே வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஓர் அஞ்சல் அட்டை போதும்.

உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். படித்து முடித்ததும் "சூப்பர்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். ஆட்டைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். எந்த விளம்பரத்துக்கு ரொம்பக் கத்தும் என்று கேளுங்கள். நோட்டில் எழுதாத முக்கால் பங்கு அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று. முழுப் பரீட்சை முடிந்ததும் இந்த நோட்டெல்லாம் எடைக்குப் போய்விடும். மே மாதத்தில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார். பெயர் எழுதிய அட்டையைக் கிழித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரஃப் நோட்டாகப் பார்த்து. எங்கள் தெருக் கடைக்கு மட்டும் வராதீர்கள், அங்கே நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேன்.