சரியான விடைக்குச் சிவப்புக் குறி: நம் தமிழ்ப் பயிற்சிச் செயலிகள் பற்றி ஒரு விமர்சனம்

தமிழ்ப் பயிற்சிச் செயலிகளைப் பற்றி நமக்குள் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வண்ணம் அழகு, படங்கள் கவர்கின்றன, மாணவர்கள் ஆர்வமாக ஈடுபடுகிறார்கள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஆர்வம் நல்லதுதான். ஆனால், ஆண்டு 3 மாணவன் ஒருவன் சரியான விடையைத் தட்டினால் செயலி அதைச் சரி என்று காட்டுகிறதா? அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. இங்கே எந்தச் செயலியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒன்றில் இருக்கும் குறை பத்தில் இருக்கிறது. பெயர் சொன்னால் பேச்சு அந்த ஒன்றோடு நின்றுவிடும்.

முதலில் 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்துச் சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். மாணவி 'கொக்கு' என்று தட்டுகிறாள். சிவப்புக் குறி விழுகிறது. கீழே 'சரியான விடை: கொக்கு' என்று வருகிறது. "டீச்சர், நானும் அதேதான் போட்டேன், தப்புன்னு காட்டுதே!" என்கிறாள். மேலே அவள் எழுதியது, கீழே செயலி சொல்வது, இரண்டையும் எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

காரணம் இதுதான். 'கொ' என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். யூனிகோடு அட்டவணையில் ஒகரக் குறிக்கென்றே ஓர் இடம் உண்டு. ககரத்தோடு அந்தக் குறி சேர்ந்தால் 'கொ'. இன்னொரு வழி, ககரம், அதன்பின் ஒற்றைக் கொம்பு, அதன்பின் கால் என்று மூன்று துண்டாக வைப்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஒப்பிடும் முன்பு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிரல் எழுதுபவருக்கு அது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி இல்லாத செயலியில் துண்டுகளின் எண்ணிக்கை ஒத்துவராது, உடனே சிவப்பு. பழைய எழுத்துருவில் தட்டி வைத்த வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றி அப்படியே ஏற்றிய தளங்களில் இந்தத் தொல்லை அதிகம் வர வாய்ப்புண்டு. ஒகரத்துக்கு மட்டுமல்ல, 'கோயில்', 'தோட்டம்' போன்ற ஓகாரச் சொற்களுக்கும் இதே கதைதான்.

'மௌனம்' இன்னும் சிக்கலானது. ஔகாரக் குறியின் வலப்பக்கம் பார்ப்பதற்கு ளகரம் போலவே இருக்கும். அதனால் பலர் மகரத்தோடு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ஒரு ளகரத்தையும் தட்டிவிடுகிறார்கள். எழுத்தெண்ணிப் படித்தால் அது 'மெ-ள-னம்'. மேலே சொன்ன ஒரு வரி வேலை இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடுக்கு இவை உண்மையிலேயே வேறு வேறு சொற்கள். தாளில் எழுதினால் இந்தச் சிக்கலே கிடையாது. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுதான், எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். விடைக் குறிப்பைத் தயாரித்தவரே ளகரம் போட்டிருந்தால் என்ன ஆகும்? சரியாகத் தட்டிய பிள்ளைக்குச் சிவப்பு, தவறாகத் தட்டியவனுக்குப் பச்சை. என் கருத்தில், இந்த மாதிரிச் சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் ஒரு சிறு குறிப்பில் வேறுபாட்டைச் சொல்வதுதான் நியாயம்.

எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் விளையாட்டுகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 'தமிழ்' என்பது மூன்றெழுத்து என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும். கணினிக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இதைக் கவனிக்காமல் எழுதிய செயலி ஐந்து கட்டங்களைப் போடுகிறது. ஒரு கட்டத்தில் இகரக் குறி மட்டும் தனியாக, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு நிற்கும். எந்த அரிச்சுவடியிலும் இல்லாத எழுத்து அது. 247 எழுத்து என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு, 248ஆவது எழுத்தைத் திரையில் காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

இதையெல்லாம் தொழில்நுட்பத் துறையினர் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் பயிற்சி முடிந்ததும் ஆசிரியருக்கு ஓர் அறிக்கை வருகிறது. அதில் பத்துக்கு ஆறு என்றுதான் இருக்கும். அந்த நான்கு தவறுகளில் எத்தனை பிள்ளையுடையவை, எத்தனை செயலியுடையவை என்று அறிக்கை சொல்லாது. "எழுத்துப்பிழை அதிகம், கவனம் தேவை" என்று நாம் எழுதிவிடுகிறோம். பெற்றோர் அதைப் படிக்கிறார்கள். பிள்ளையும் படிக்கிறது.

அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றிய நூலில் கதவுகளைப் பற்றி எழுதினார். தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியை வைத்தால் எல்லாரும் இழுக்கத்தான் செய்வார்கள். பிறகு தாங்களே முட்டாள்கள் என்று கூச்சப்படுவார்கள். குற்றம் ஆளிடம் இல்லை, கதவில் இருக்கிறது என்பது அவர் வாதம். பெரியவர்களாவது கதவைத் திட்டுவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி நினைக்காது, "எனக்குத் தமிழ் வராது" என்றுதான் முடிவு கட்டும்.

அடுத்து, பொத்தான்களில் இருக்கும் தமிழ். நான் தூய தமிழுக்கு எதிரி அல்ல. 'இயங்கலை', 'புலனம்' இரண்டும் நம் நாட்டில் பிள்ளைகள் வாயில்கூடப் புழங்குகின்றன. அடிக்கடி, ஒரே பொருளில் பயன்படுத்தியதால் நிலைத்தன. சிக்கல் சொல்லில் இல்லை, சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. ஒரே செயலியில் முதல் பக்கத்தில் 'அனுப்புக', இரண்டாம் பக்கத்தில் 'சமர்ப்பி', மூன்றாவதில் 'ஒப்படைக்கவும்'. மூன்றும் ஒரே வேலை. யாக்கோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து விதிகளில் சீர்மை ஒன்று: ஒரே செயலுக்கு ஒரே சொல். மொழிபெயர்ப்புப் பட்டியலை மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எழுதியதை அழிக்கும் பொத்தானுக்கு 'தெளிவு' என்று பெயர். முதல் பக்கத்துக்குப் போகும் பொத்தானுக்கு 'வீடு'. இவற்றைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பயிற்சியிலிருந்து வெளியேறும்போது 'ரத்து செய்யவா?' என்று ஒரு பெட்டி வருகிறதே, அதன் கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினால் பயிற்சி நீடிக்கும்? படித்தவர்களே ஒரு நொடி திகைப்பார்கள். 'ஆம், வெளியேறு', 'இல்லை, தொடர்கிறேன்' என்று போட்டிருந்தால் முடிந்தது வேலை.

இலக்கண ஆசிரியர்களுக்காக ஒன்று. மதிப்பெண் பக்கத்தில் 'கவிதாஇன் மதிப்பெண் 8' என்று வரும். பெயரை ஒரு கட்டத்திலிருந்தும் 'இன்' உருபை இன்னொரு கட்டத்திலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். உடம்படுமெய் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுத் திருத்திய அதே செயலி, முடிவில் 'கவிதாவின்' என்று எழுதத் தெரியாமல் நிற்கிறது. இதற்காகப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. 'மதிப்பெண்: கவிதா, 8' என்று வேற்றுமை உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தை மாற்றிவிடலாம். ஆங்கிலச் சட்டத்தில் தமிழை அடைக்கும் இடத்தில்தான் இந்தக் கோளாறு வருகிறது.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பொத்தானில் 'சமர்ப்…' என்று நின்றுவிடும். வரி இடைவெளி போதாத இடத்தில் 'கூ', 'ஞூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். எழுத்து சிறியதாகிவிட்டால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும், 'கல்' எது 'கல' எது என்று கண்ணைச் சுருக்க வேண்டும். பொத்தான் குறைந்தது 44 புள்ளி அகல உயரம் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டி. பெரியவர் விரலுக்கே இந்த அளவு வேண்டும். சரி, தவறு என்பதை நிறத்தால் மட்டும் காட்டுவதும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளைகள் உண்டு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டால் போதும்.

விசைப்பலகை தனிக்கதை. தமிழ் உள்ளீட்டில் மலேசியாவுக்குப் பெருமையான இடம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் செல்லினமும் இங்கிருந்து பிறந்தவை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99, நம்மவர்களுக்குப் பழக்கமான அஞ்சல், இரண்டுமே இன்று ஐபோனில் கூடவே வருகின்றன. ஆனாலும் பயிற்சிச் செயலிகள் "விடையைத் தட்டச்சு செய்க" என்று ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அஞ்சல் முறையில் ழகரத்துக்கு 'இசட்' விசை. அது தெரியாத பிள்ளை 'எல்' விசையைத் தட்டும், 'பழம்' என்பது 'பலம்' ஆகிவிடும். தாளும் பென்சிலும் கொடுத்தால் அதே பிள்ளை 'பழம்' என்று பிழையில்லாமல் எழுதும். இதில் இருபது நொடிக் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தேர்வு அளப்பது தமிழை அல்ல, விரலை. தட்டச்சுப் பயிற்சி வேண்டும் என்றால் அதைத் தனிப் பாடமாக வைக்கலாம். எழுத்துக்கூட்டல் தேர்வுக்குள் நுழைக்கக் கூடாது. திரையிலேயே தமிழ் எழுத்துகளைக் காட்டி, தொட்டுச் சேர்க்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். எளிமை எளிமை என்று சொல்லிப் பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்கப் போகிறோமா? ஸ்டீவ் குரூக் 2000இல் எழுதிய புகழ்பெற்ற வலைத்தள நூலின் தலைப்பே 'என்னை யோசிக்க வைக்காதே' என்ற பொருளில் அமைந்தது. கல்விக்கு இது பொருந்துமா? அப்படியே பொருந்தாது என்பதுதான் என் எண்ணம். கடையில் பொருள் வாங்குபவர் யோசிக்காமல் வாங்கிவிட்டுப் போகட்டும். மாணவர் யோசிக்க வேண்டும். ஆனால் எதைப் பற்றி? 'பழம்' என்பதற்கு எந்த லகரம் என்று யோசிக்கட்டும், அடுத்த கேள்விக்கு எங்கே அழுத்துவது என்று யோசிக்க வேண்டாம். இந்த வேறுபாடு புரியாதவர்கள் இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். சிலர் பொத்தானைக் கடினமாக்குகிறார்கள். சிலர் கேள்வியை எளிமையாக்கிவிடுகிறார்கள்: நான்கில் ஒன்றைத் தொடு, நட்சத்திரம் பறக்கும், கைதட்டல் கேட்கும். எதைத் தொட்டாலும் இரண்டாம் முயற்சியில் சரியாகிவிடும். வகுப்பு கலகலப்பாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அதே சொல்லைத் தாளில் எழுதச் சொல்லிப் பாருங்களேன், என்ன மிச்சம் என்று தெரிந்துவிடும். இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் அதற்குத்தான் நம் மதிப்புரைகளில் பாராட்டு கிடைக்கிறது.

எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கும் இதில் கொஞ்சம் தீனி இருக்கிறது. தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை வந்தால் நன்மை நான்கு, தீமை நான்கு என்று அடுக்குவது பழகிப்போன வழி. 'நேரத்தை மிச்சப்படுத்துகிறது' என்று எல்லாரும் எழுதுவார்கள். சரியான விடைக்குச் சிவப்புக் குறி வாங்கிய ஒரு மாணவியைப் பற்றி, ஏன் அப்படி நடந்தது என்ற காரணத்தோடு, ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். கருத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை, உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்? நீல்சன் 2000இல் சொன்னது நமக்கு வசதியான செய்தி: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். ஐந்து பேருக்கு நாம் எங்கே போவது என்ற கேள்வியே இல்லை, வகுப்பில் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். "இந்தப் பயிற்சியை முடிச்சு அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். நமக்கு இதுதான் கஷ்டம்! விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "சார், இதுல எதை அமுக்கணும்?" என்று கேட்டால், உடனே காட்டாமல், "நீ எதுன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் செயலியின் குறை வெளியே வரும்.

பிள்ளைகளை உட்காரவைக்கும் முன்பே, ஆசிரியர் அறையில் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. 'கொக்கு', 'கோயில்', 'மௌனம்', 'பழம்' என்று நான்கு சொற்களை விடையாகக் கொண்ட ஒரு பயிற்சியை உருவாக்குங்கள். உங்கள் கணினியில் ஒருமுறை, கைப்பேசியில் ஒருமுறை, வேறு விசைப்பலகை வைத்திருக்கும் சக ஆசிரியரின் கைப்பேசியில் ஒருமுறை விடையளியுங்கள். ஒரு முறை விடைக்குப் பின்னால் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு அனுப்புங்கள். எங்காவது சிவப்பு விழுந்தால், அந்தத் திரையைப் படம் பிடித்து, தட்டிய சொல், பயன்படுத்திய விசைப்பலகை, கருவி மூன்றையும் குறித்துச் செயலியை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள். சரிசெய்யும் வரை அதில் வரும் மதிப்பெண்ணைப் பிள்ளையின் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.